தொப்புள்கொடியை அறுக்காமல் விடலாமா?

வாசகத் தாயார் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் கணவரோடு ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரில் இருக்கிறார். தலைப்பிள்ளை, ஏழு மாதம். பேறுகாலத்துக்குத் துணையாக உம்மா புறப்பட இருக்கும் வேளையில் மகள் ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியை அறுக்கப் போவதில்லையாம். நஞ்சுக்கொடியையும் பிள்ளையோடு சேர்த்தே வைத்திருந்து, தானாகக் காய்ந்து விழும்வரை காத்திருக்கப் போகிறார்களாம். "அல்லாஹ் படைத்தபடி விடுவதுதானே ஃபித்ரத்? பிறந்த பச்சைப் பிள்ளை மேல் கத்தி வைப்பானேன்?" என்று மகள் கேட்க, உம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா? அந்த நஞ்சுக்கொடியோடு பிள்ளையை மடியில் வைத்தால் என் தொழுகை என்னாவது?" என்று நம்மிடம் கேட்கிறார்.

ஊரில் இதைக் கேட்பவர்கள் சிரித்து விடக்கூடும். நாம் சிரிக்கவில்லை. அந்தப் பெண் பிள்ளை மீதுள்ள பிரியத்தால்தான் இப்படிக் கேட்கிறார். அதிலும் மார்க்கத்தின் சொல்லைக் கொண்டே கேட்கிறார். ஆகவே முறையாகப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

முதலில், இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கிளேர் லோட்டஸ் டே என்ற பெண்மணி தம் பிள்ளையின் கொடியை அறுக்க வேண்டாமென்று கேட்டு அப்படியே விட்டார். சிம்பன்ஸிக் குரங்குகள் தம் குட்டியின் கொடியைத் துண்டிப்பதில்லை என்று அவர் அறிந்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அவருடைய பெயரை வைத்தே இதற்குத் 'தாமரைப் பேறு' என்று பெயர் வந்தது. அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் பரவிற்று. நஞ்சு விழுந்ததும் அதைக் கழுவி, உப்பும் வாசனைத் தழைகளும் தூவி, துணியில் சுற்றிப் பிள்ளையின் அருகிலேயே வைத்து விடுகிறார்கள். பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் அதையும் தூக்க வேண்டும். மூன்று நாளிலிருந்து பத்து நாளைக்குள் கொடி காய்ந்து அறுந்து விழும். ஆகவே இது நபிமார்கள் வழியாக வந்த ஃபித்ரத்தும் அல்ல, நம் முன்னோர் வழக்கமும் அல்ல. ஐம்பது ஆண்டுப் பழக்கம், அவ்வளவுதான்.

இனி ஃபித்ரத் என்ற சொல்லுக்கு வருவோம். ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரத்தின் மீதே பிறக்கிறது என்ற ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அது ஈமானைப் பற்றிய பேச்சு. உடம்பு சம்பந்தமாக ஃபித்ரத் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எவற்றை எண்ணிச் சொன்னார்கள்? கத்னா செய்வது, மறைவிட முடி களைவது, அக்குள் முடி நீக்குவது, மீசை கத்தரிப்பது, நகம் வெட்டுவது. இதுவும் அதே இரண்டு கிதாபுகளில் வருகிற ஹதீஸ்தான். ஐந்துமே களைவதும் வெட்டுவதும்! வெட்டாமல் விடுவதே ஃபித்ரத் என்று நினைப்பவர்கள் இந்த ஹதீஸைப் பார்க்க வேண்டும். "படைப்பை மாற்றலாமா?" என்ற கேள்வியும் இதோடு தீர்ந்து விடுகிறது. கொடி, பிள்ளைக்கு என்றென்றைக்கும் அமைந்த உறுப்பு அல்ல. கர்ப்பத்தில் வேலை, வெளியே வந்தால் வேலை முடிந்தது.

நஞ்சுக்கொடிக்கு அரபியில் மஷீமா என்று பெயர். ஸூரத்துஸ் ஸுமரின் 6ஆம் வசனத்தில், தாயின் வயிற்றில் மூன்று இருள்களுக்குள் மனிதனைப் படைப்பதாக அல்லாஹுத்தஆலா சொல்கிறான். அந்த மூன்றும் வயிறு, கர்ப்பப்பை, மஷீமா என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும் முஜாஹித், கதாதா போன்றவர்களும் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். நஞ்சுக்கொடி அற்பமான பொருள் அல்ல என்பது நமக்கும் தெரியும். ஆனால் இருளுக்குள் இருந்தவரைதான் அது உறை. பிள்ளை வெளிச்சத்துக்கு வந்த பிறகு அதைச் சுமந்து திரிய வேண்டுமென்று எவரும் சொல்லவில்லை.

அப்படியானால் கொடியை அறுப்பது பற்றி நம் முன்னோர் என்ன சொன்னார்கள்? நபி (ஸல்) அவர்கள் கத்னா செய்யப்பட்டவர்களாகவும், தொப்புள்கொடி அறுபட்டவர்களாகவும் பிறந்தார்கள் என்று ஒரு ரிவாயத் உண்டு. மௌலிது கிதாபுகளிலும் அது வரும். இமாம் ஹாகிம் இதை முதவாத்திர் என்று சொல்ல, ஹாஃபிழ் தஹபீ அதை மறுத்தார்கள். அந்தத் தர்க்கம் இப்போது நமக்கு வேண்டாம். நாம் கவனிக்க வேண்டியது வேறு. கொடி அறுந்து பிறந்ததை ஒரு சிறப்பாக எடுத்துச் சொல்கிறார்கள் என்றால், மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் மனிதக் கையால் அறுப்பதே வழக்கம் என்றுதானே பொருள்!

இதே ரிவாயத்தை இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவில், மருத்துவச்சித் தொழிலைப் பற்றிய அத்தியாயத்தில் எடுத்துக் காட்டுகிறார்கள். 1377இல் எழுதி முடித்த கிதாப் அது. மனித சமுதாயத்துக்கு இன்றியமையாத தொழில்களில் ஒன்று என்று மருத்துவச்சியின் வேலையை அவர்கள் சிறப்பிக்கிறார்கள். கொடியின் மிச்சமான பாகத்தைப் பிள்ளையின் குடலுக்கும் தாயின் கர்ப்பப்பைக்கும் சேதமில்லாமல் அவள் அறுக்கிறாள், பிறகு அந்த இடத்தைச் சூடு போட்டோ வேறு விதமாகவோ ஆற்றுகிறாள் என்று விவரிக்கிறார்கள். நஞ்சு வெளியே வரத் தாமதித்தால் உள்ளேயே அழுகித் தாயின் உயிருக்கே ஆபத்தாகும் என்பதையும் சொல்லத் தவறவில்லை. அவர்களுக்கு முன்பே, 1037இல் மறைந்த இப்னு ஸீனா, பிறந்த பிள்ளைக்கு முதலில் செய்ய வேண்டியது நாலு விரற்கடை விட்டுக் கொடியை அறுத்துச் சுத்தமான கம்பளி நூலால் கட்டுவதே என்று தம் மருத்துவ நூலில் எழுதினார். பிற்கால ஷாஃபிஈ உரைக் குறிப்புகளில் இன்னும் தெளிவு. பிள்ளையிலிருந்து அறுக்கப்படுவதால் நஞ்சுக்கொடி பிள்ளையின் ஒரு பகுதி என்ற சட்டத்தைப் பெறும் என்கிறார்கள். அறுப்பதை வைத்தே சட்டத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

இக்கால வைத்தியம் இதில் ஒரு பாதி அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறது. அதை மறைக்கக் கூடாது. பிள்ளை வெளிவந்த மறு நொடியே கொடியைக் கவ்வி வெட்டுவது முன்பு ஆஸ்பத்திரிகளில் சாதாரணம். அது தேவையில்லாத அவசரம் என்று பிறகு தெரிந்தது. கொடி சில நிமிடம் துடித்துக் கொண்டிருக்கும். அந்தச் சில நிமிடத்தில் 80 முதல் 100 மில்லி வரை இரத்தம் நஞ்சிலிருந்து பிள்ளைக்கு வந்து சேருகிறது. பல மாதங்களுக்கு அதன் இரும்புச் சத்துக் குறையாமலிருக்க இது உதவும். ஒரு நிமிடத்துக்கு முன் கொடியை அறுக்க வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் வழிகாட்டியிருக்கிறது. பிள்ளை மூச்செடுக்கத் திணறினால் அது வேறு விஷயம்; டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

துடிப்பு நின்ற பிறகு நிலைமை மாறி விடுகிறது. அப்போது நஞ்சுக்கொடியில் இரத்த ஓட்டம் கிடையாது; அது உயிரற்ற சதை. இரத்தம் நிறைந்த சதையாதலால் கிருமி எளிதில் பற்றும், அங்கிருந்து பிள்ளைக்கும் பரவலாம் என்று பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2008இல் எச்சரித்தது. ஆக, நிமிடக் கணக்கில் காத்திருப்பது நன்மை. நாள் கணக்கில் காத்திருப்பதால் ஒரு நன்மையும் ஏற்பட்டதாக நிரூபணமில்லை. ஆபத்துக்கு மட்டும் இடமுண்டு. பயனில்லாமல் ஆபத்தை ஏற்பதை ஷரீஅத் அனுமதிக்காது. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குப் பதில் தீங்கும் கூடாது என்பது ஹதீஸிலிருந்து ஃபிக்ஹு எடுத்துக் கொண்ட விதி. தன் தீங்கைத் தானே சொல்லத் தெரியாத பச்சைப் பிள்ளை விஷயத்தில் இந்த விதியை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

இந்த எண்ணம் பெரும்பாலும் தனியே வருவதில்லை என்பதையும் உம்மா விசாரித்துக் கொள்ள வேண்டும். மருத்துவச்சியும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்ற எண்ணம் பின்னாலேயே வரும். 2025 ஏப்ரலில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் வீட்டிலேயே பிள்ளை பெற்ற ஒரு தாய் இரத்தப்போக்கால் மௌத்தானார். மகள் எங்கே பிள்ளை பெறப் போகிறார் என்பதை முதலில் கேளுங்கள். கொடி பற்றிய பேச்சு பிறகு.

தொழுகை பற்றிய மஸ்அலாவைச் சொல்லி விடுவோம். மனித நஞ்சுக்கொடி தன்னளவில் சுத்தமானதே என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான சொல். ஆனால் அதிலிருந்து கசியும் இரத்தம் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் ஒரு திர்ஹம் அளவுக்கு மேற்பட்ட இரத்தம் உடையில் பட்டிருந்தால் தொழுகை கூடாது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் வைத்துக் கொண்டு தொழுதார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். இரத்தம் ஊறிய துணிப்பொதியைச் சுமந்து கொண்டு தொழுவதற்கு அதை ஆதாரமாக்க முடியாது. தொழுகைக்கு வெளியே மடியில் வைத்தால் குற்றமில்லை, ஒளு முறியாது, பட்ட இடத்தைக் கழுவிக் கொண்டால் போதும். பெற்றவளுக்கு நிஃபாஸ் காலத்தில் தொழுகை இல்லை. ஆகவே இந்தச் சிரமம் உம்மாவுக்கும் மருமகனுக்கும்தான்.

அறுத்த பின் நஞ்சுக்கொடியை என்ன செய்வது? உயிருள்ள மனிதனிலிருந்து பிரிந்த முடி, நகம் போன்றவற்றைப் புதைப்பது முஸ்தஹப்பு. நஞ்சுக்கொடிக்கும் அதுவே. இதைப் பெயர் சொல்லிப் புதைக்கச் சொல்லும் ஹதீஸ் ஒன்று உண்டு, ஆனால் அது பலவீனமானது. கபன், தொழுகை எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்டுக் கொடுத்தால் வாங்கி நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கட்டும். கொடுக்காவிட்டால் குற்றமில்லை. ஜாவாவில் நஞ்சுக்கொடியைப் பிள்ளையின் இளைய உடன்பிறப்பு என்று கருதிப் புதைத்த இடத்தில் விளக்கு வைக்கிறார்கள். நம் பக்கத்தில் காய்ந்து விழுந்த கொடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுகிறார்கள். கொடி பிள்ளையைக் காக்கும் என்ற நம்பிக்கை எந்த வடிவில் வந்தாலும் நாம் ஏற்க முடியாது. மெல்பர்ன் மகளைத் திருத்தப் போகும் உம்மா, தம் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு தாயத்து இருந்தால் அதையும் பார்த்துக் கொள்ளட்டும்.

ஏழாம் நாள் அகீகாவைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைக்காக அறுத்துப் பலியிட்டு, அதைவிட்டுத் தொல்லையை அகற்றும்படி புகாரீயில் ஹதீஸ் வருகிறது. தொல்லை என்பது தலைமுடி என்று பலர் விளக்கினாலும், அதைவிடப் பொதுவாகக் கொள்வதே மேல் என்பது இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் கருத்து. அறியாமைக் காலத்தில் பலியின் இரத்தத்தைப் பிள்ளையின் தலையில் பூசுவார்கள். இஸ்லாம் அதை நிறுத்திக் குங்குமப்பூவைத் தடவச் செய்தது. ஏழாம் நாளிலும் இரத்தச் சதை தொங்கும் பிள்ளைக்கு அகீகா கொடுப்பது எப்படிப் பொருந்தும் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

கொடி துடிப்பு நிற்கும்வரை பொறுக்கும்படி டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். மகளின் விருப்பத்தில் நியாயமான பாகம் அதோடு நிறைவேறும். அந்தச் சில நிமிடத்தில் பிள்ளை தாயின் மார்பிலேயே கிடக்கலாம். தகப்பன் வலக்காதில் பாங்கு சொல்லிக் கொள்ளலாம். அகீகா ஆட்டின் தொடையை மருத்துவச்சிக்குக் கொடுப்பதை ஷாஃபிஈ மத்ஹபில் முஸ்தஹப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். சமைக்காமல் கொடுப்பதே மேல். மெல்பர்னில் பிள்ளையைக் கையில் ஏந்தும் செவிலியம்மா பச்சை இறைச்சியை வாங்கத் தயங்கினால், பிரியாணியாகவே கொடுத்தனுப்பலாம்.