பல்கலைக்கழக அனுமதியும் அரச கொள்கையும்: தரப்படுத்தல் முதல் இசற் புள்ளி வரை



நீங்கள் ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் க.பொ.த. உயர்தரப் பரீட்சை இரண்டு பணிகளைச் செய்கின்றது. பாடசாலைக் கல்வியை நிறைவு செய்தமைக்குச் சான்று வழங்குகின்றது. அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவு செய்யவும் பயன்படுகின்றது. சித்தியடைவதற்கு உங்கள் புள்ளி மட்டும் போதும். பல்கலைக்கழகம் புகுவதற்கு, அப்புள்ளி மற்றையோரின் புள்ளியுடன் எந்த விதியின்படி ஒப்பிடப்படுகின்றது என்பதும் முக்கியமாகும். அவ்விதிகள் எவ்வாறு மாறின என்பதை இப்பாடத்திற் கற்போம்.

1. மொழிவாரித் தரப்படுத்தல்

1970 ஆம் ஆண்டு வரை பொதுவான வெட்டுப்புள்ளியே பின்பற்றப்பட்டது. 1971 ஆம் ஆண்டு அனுமதியில் மொழிமூலத்தைப் பொறுத்து வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் நிர்ணயிக்கப்பட்டன. மொத்தம் 400 புள்ளிகளில் பொறியியற் பீடத்திற்குத் தமிழ்மொழிமூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழிமூல மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. மருத்துவத்திற்கு இவை முறையே 250, 229 ஆகும். இரு மொழிமூலப் புள்ளிகளையும் பொது அளவிற்குக் கொண்டுவரும் தரப்படுத்தல் முறை 1973 இல் நடைமுறைக்கு வந்தது.

ஒரே பரீட்சையில் ஒரே புள்ளியைப் பெற்ற இருவருள் ஒருவருக்கு இடம் கிடைத்து, மற்றவருக்கு மொழி காரணமாக இடம் மறுக்கப்பட்டது. யாழ்ப்பாண இளைஞரிடையே இது ஆழ்ந்த மனக்கசப்பை ஏற்படுத்தியது. பிற்கால இனமுரண்பாட்டிற்கான காரணங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறிப்பிடுவர்.

2. மாவட்ட ஒதுக்கீடு

1974 இல் மொழிவாரித் தரப்படுத்தலுடன் மாவட்ட ஒதுக்கீடும் சேர்க்கப்பட்டது. மாவட்டத்தின் சனத்தொகைக்கு ஏற்ப இடங்கள் வழங்கப்பட்டமையால், விஞ்ஞானக் கல்வியில் முன்னணியில் நின்ற யாழ்ப்பாணம், கொழும்பு ஆகிய மாவட்டங்கள் இடங்களை இழந்தன. விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைகளைக் கொண்ட பல மாவட்டங்கள், தமிழர் வாழும் சில மாவட்டங்கள் உட்பட, பயனடைந்தன. 1977 இல் ஆட்சி மாறிய பின்னர் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு வேறு விகிதங்களில் தொடர்ந்தது.

இங்கு ஒரு விடயத்தைக் கவனியுங்கள். கிளிநொச்சி 1984 இலேயே தனி மாவட்டமாயிற்று. எனவே 1974 இல் கிளிநொச்சிக் கிராமப் பாடசாலை மாணவனும் யாழ் நகரக் கல்லூரி மாணவனும் ஒரே மாவட்டத்தவராகக் கணிக்கப்பட்டனர். மாவட்டம் என்னும் அலகு, அதற்குள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வைக் காட்டுவதில்லை.

3. 2000 ஆம் ஆண்டின் மறுசீரமைப்பு

உயர்தரப் பாடங்கள் 2000 இல் நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டன. பொதுச் சாதாரணப் பரீட்சை அறிமுகமாயிற்று. பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்க மூன்று பாடங்களிலும் சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் ஆகக்குறைந்தது 30 புள்ளிகளும் தேவை. எனினும் இப்பரீட்சையின் புள்ளிகள் இசற் புள்ளிக் கணிப்பிற் சேர்க்கப்படுவதில்லை.

4. இசற் புள்ளி

பாடத்திற்குப் பாடம் வினாத்தாளின் கடினம் வேறுபடும். ஆகவே வெறும் புள்ளிகளைக் கூட்டி ஒப்பிடுவது பொருத்தமற்றது எனக் கருதி, 2001 முதல் இசற் புள்ளி பயன்படுத்தப்படுகின்றது.

இசற் புள்ளி = (பெற்ற புள்ளி − இடை) ÷ நியம விலகல்

கற்பனை உதாரணம்:
பாடம் அ: புள்ளி 70, இடை 40, நியம விலகல் 15. இசற் புள்ளி 2.0
பாடம் ஆ: புள்ளி 74, இடை 58, நியம விலகல் 16. இசற் புள்ளி 1.0
பாடம் இ: புள்ளி 75, இடை 48, நியம விலகல் 18. இசற் புள்ளி 1.5

மூன்றினதும் சராசரி 1.5 ஆகும். 74 ஐ விட 70 இற்குக் கூடிய பெறுமதி கிடைத்துள்ளதை அவதானிக்க. அப்பாடத்திற்குத் தோற்றியோர் பொதுவாகக் குறைந்த புள்ளி பெற்றமையே இதற்குக் காரணம்.

எந்தக் குழுவின் இடையைப் பயன்படுத்துகின்றோம் என்பதும் முக்கியமானது. 2011 பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்டங்களின்படி இரு குழுவினர் தோற்றினர். இரு குழுவினரையும் ஒன்றாக்கி இசற் புள்ளி கணிக்கப்பட்டது. இதனை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், அக்கணிப்பை 2012 இல் உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கி, இரு குழுவினருக்கும் தனித்தனியே கணிக்கப் பணித்தது.

5. தற்போதைய ஒதுக்கீடு

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு,
அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40%
மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி 55%
கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5%

வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் இந்த 16 இல் அடங்கும். ஒரு காலத்தில் ஒதுக்கீட்டால் இடமிழந்த யாழ்ப்பாணம், இன்று ஒதுக்கீடு பெறும் மாவட்டமாகவும் உள்ளது. கலைக் கற்கைநெறிக்கு அகில இலங்கைத் திறமையே அடிப்படையாகும்.

மாதிரி வினா

"மாவட்ட ஒதுக்கீடு சமத்துவத்திற்கு மாறானது." இக்கூற்றை ஆராய்க.

விடை எழுதும் முறை

பெரும்பாலான மாணவர்கள் 1970 களின் கொடுமையை மட்டும் எழுதி விடையை முடித்துவிடுகின்றனர். அது அரைவாசி விடையே. மொழிவாரித் தரப்படுத்தலையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் முதலில் வேறுபடுத்துங்கள். முன்னையது மாணவன் எம்மொழியிற் கற்றான் என்பதைப் பார்த்தது. அவனது பாடசாலையின் வசதியைப் பார்க்கவில்லை. பின்னையது வசதியின்மைக்கு ஈடு செய்ய முனைகின்றது. ஆனால் அதன் அலகு பெரிதாகையால், பின்தங்கிய மாவட்டத்தின் நகர்ப்புற மாணவனுக்கே பயன் கூடுதலாகச் செல்லக்கூடும். கொழும்பின் வசதி குறைந்த பாடசாலை மாணவனுக்கோ உயர்ந்த வெட்டுப்புள்ளியே கிடைக்கும். முல்லைத்தீவு மாணவிக்கு இன்று கிடைக்கும் இடத்தை நியாயம் என ஏற்பவர், 1974 இல் பின்தங்கிய மாவட்டங்கள் பெற்ற இடங்களையும் அதே அளவுகோலால் மதிப்பிட வேண்டும். இதனைத் தயங்காது எழுதி, உங்கள் முடிபைக் காரணத்துடன் கூறுங்கள்.

நினைவிற் கொள்க: ஒதுக்கீடு இடங்களைப் பங்கிடும், ஆய்வுகூடத்தையோ ஆசிரியரையோ தராது. பாடசாலைகளின் வசதிகள் சமப்படும் வரை இவ்விவாதம் தொடரும்.

பயிற்சி

1. ஒரு பாடத்தின் இடை 50, நியம விலகல் 20 எனின் 80 புள்ளி பெற்றவரின் இசற் புள்ளி யாது? (விடை: 1.5)
2. 2011 பரீட்சையின் இசற் புள்ளிக் கணிப்பு ஏன் செல்லுபடியற்றதாயிற்று?
3. மாவட்டத்திற்குப் பதிலாகப் பாடசாலையை ஒதுக்கீட்டு அலகாகக் கொண்டால் ஏற்படக்கூடிய நன்மை இரண்டும் தீமை இரண்டும் எழுதுக.