மிஞ்சிப்போன ஸ்பிரிங்

கேள்வி: அண்ணா, பழைய புல்லட் 350 ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆயில் கசிந்ததால் வலது பக்க டைமிங் கவரின் அடியில் இருந்த இரண்டு பம்ப் மூடிகளைக் கழற்றி, துடைத்து, பேக்கிங் மாற்றிப் பூட்டினேன். ஒரு சின்ன ஸ்பிரிங் மிஞ்சிவிட்டது. வண்டியை எடுக்கலாமா? சாவி போட்டதும் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்கிறது, சில நேரம் நடுவிலேயே நிற்கிறது. அதுவும் கோளாறா?

– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: கிக்கரைத் தொடாதீர்கள் தம்பி. இந்த இன்ஜினில் உபரியாக ஒரு வாஷர்கூடக் கிடையாது.

கிராங்க் முனையில் இருக்கும் வார்ம் ஒரு தண்டைச் சுழற்றுகிறது. அந்தத் தண்டின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு ஆயில் பம்ப். ஒன்று ஆயிலை உள்ளே அனுப்பும், மற்றது கீழே வடிந்ததைத் திருப்பி எடுக்கும். ஒவ்வொன்றிலும் வட்டமான டிஸ்க் ஒன்று அதன் இருக்கையில் ஒட்டி ஆடுகிறது. அதை அழுத்திப் பிடிப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் ஸ்பிரிங். அனுப்பும் பம்ப்பில் அது இல்லையென்றால் ஆயில் மேலேறாது, கனெக்டிங் ராடின் அடிப் பேரிங் காய்ந்து பிடித்துக்கொள்ளும். திருப்பும் பம்ப்பில் இல்லையென்றால் கிராங்க் கேஸ் நிரம்பி, புகையும் ஆயிலுமாகக் கக்கும். எதனுடையது என்று ஊகிக்க வேண்டாம், இரண்டையும் திறந்து பாருங்கள். டிஸ்க்குகளை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். தேய்ந்து பழகிய இருக்கையில்தான் ஒவ்வொன்றும் சரியாக ஒட்டும்.

பூட்டியபின் பிளக்கைக் கழற்றிவிட்டு இருபது, முப்பது முறை மெதுவாக உதையுங்கள். பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து, ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். அங்கே ஆயில் கசிந்தால் திருப்பும் பம்ப் வேலை செய்கிறது. ஒரு நிமிடத்தில் வரவில்லையென்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

டைமிங் கவரை இப்போது திறக்க வேண்டாம். என்றாவது திறக்க நேர்ந்தால், அந்த வார்ம் நட் இடது மரை. வழக்கம்போல் கழற்றப் போய் மரையைக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கும்.

இந்த வண்டியின் சின்னம் பீரங்கி, விளம்பர வாசகம் ‘துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது’. இங்கிலாந்தின் ரெடிச் நகரக் கம்பெனி, என்ஃபீல்டு ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த காலத்தில் வந்ததுதான் ‘என்ஃபீல்டு’ என்ற பெயர். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. உங்கள் வீட்டுக்குச் சற்று வடக்கே, திருவொற்றியூரில்தான் புல்லட்டுகள் உருவாயின. துப்பாக்கியைக் கழற்றுபவர் துணி விரித்து, கழற்றிய வரிசையிலேயே பாகங்களை அடுக்குவார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஆம்பியர் மீட்டர் முள் ஆடுவது கோளாறே இல்லை, நல்ல அடையாளம். பாயின்ட் மூடியிருந்தால் கரண்ட் ஓடும், முள் மைனஸில் சாயும். திறந்தால் நடுவுக்கு வரும். மெதுவாக மிதித்து முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் அழுத்தி, லீவரை விட்டுவிட்டு உதையுங்கள். எவ்வளவு மிதித்தும் முள் அசையவே இல்லையென்றால்தான் கவலை. உங்கள் பக்கத்துக் காசிமேட்டு உப்புக்காற்றில் பாயின்ட் முனையும் பேட்டரி டெர்மினலும் சீக்கிரம் பூத்துப்போகும். முதலில் அவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள்.