பேப்பரில் படித்ததை இங்கிலீஷில் பேசுவது எப்படி?

வங்கி நேர்முகத் தேர்வானாலும் கல்லூரி வளாகத் தேர்வானாலும் "வாட் டிட் யூ ரீட் இன் டுடேஸ் பேப்பர்?" என்ற கேள்வி எப்போது வேண்டுமானாலும் வந்து விழலாம். பேப்பர் படிக்காததால் மாட்டிக்கொள்பவர்களை விட்டுவிடுவோம். படித்திருந்தும், விஷயம் தெரிந்திருந்தும், வாயைத் திறந்தால் இங்கிலீஷ் வராமல் நிற்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. வேலை கிடைத்த பிறகும் இந்தத் தலைவலி தீர்வதில்லை. மீட்டிங் தொடங்கும் முன் வரும் ஐந்து நிமிட அரட்டையில் தேர்தல், மழை, வட்டி விகிதம் என்று பேச்சு ஓடும். நம் ஆள் சிரித்துத் தலையாட்டியே சமாளிப்பார்.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது இதற்கு மருந்தல்ல. 'தினம் பத்துச் சொல்' வகையறாக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதினோராம் நாள் முதல் பத்தும் மறந்திருக்கும். ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் அதன் பின்னாலேயே போங்கள். செய்தி நகர நகர, அதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். தேவைப்படும் சொற்களும் நீங்கள் பயப்படும் அளவுக்கு அதிகமில்லை. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-ல் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்ற ஒலிபரப்பைத் தொடங்கியது. இங்கிலீஷ் கற்கும் வெளிநாட்டு நேயர்களுக்காக நிதானமான வேகத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் செய்தி வாசிப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட அடிப்படைச் சொற்கள் சுமார் 1,500தான். போரும் தேர்தலும் விண்வெளிப் பயணமும் அதற்குள் அடங்கின.

முதலில் செய்தியைத் தமிழில் படித்துவிடுங்கள். யார், என்ன, ஏன் என்பது மனதில் பதிந்த பிறகு அதே செய்தியை இங்கிலீஷ் நாளிதழில் படித்தால், புரியாத விஷயமும் புரியாத மொழியும் ஒரே நேரத்தில் மிரட்டாது. இதற்குக் காசில்லாத வசதி ஒன்று இருக்கிறது. பிஐபி எனப்படும் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம், தன் செய்திக் குறிப்புகளை இங்கிலீஷிலும் தமிழிலும் இணையத்தில் வெளியிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். நடை கொஞ்சம் அரசாங்கக் கோப்பு வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்டியில் தொடங்குங்கள்

வங்கி, நிதி, காப்பீடு, ஐடி என்று எந்த வேலைக்குப் போனாலும் பயன்படும் ஒரு தொடர்செய்தி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ ரேட். இதை முடிவு செய்யும் ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு 2016 முதல் செயல்படுகிறது. ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. அறிவிப்பு வரும் நாளில் எல்லா நாளிதழ்களும் ஒரே சொற்களையே எழுதும். ஏற்றினால் 'ஹைக்', குறைத்தால் 'கட்', தொடாமல் விட்டால் 'லெஃப்ட் அன்சேஞ்ச்டு', அடுத்து எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதற்கு 'ஸ்டான்ஸ்'. இந்த நான்கும் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியில் இரண்டு பள்ளங்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் ரெப்போ 6.5 சதவீதத்திலிருந்து 6.25 சதவீதமாகக் குறைந்தது. இதை 'எ கட் ஆஃப் 25 பேசிஸ் பாயின்ட்ஸ்' என்பார்கள். நூறு பேசிஸ் பாயின்ட் சேர்ந்தால் ஒரு பர்சென்டேஜ் பாயின்ட். அதையே 'ரெப்போ ஃபெல் பை 0.25 பர்சென்ட்' என்று சொன்னால் கணக்குத் தெரிந்தவர் முகம் சுளிப்பார். 6.5-ல் 0.25 குறைந்தால், சதவீதக் கணக்கில் அது கிட்டத்தட்ட 3.85 பர்சென்ட் சரிவு. எனவே 'பர்சென்டேஜ் பாயின்ட்' என்பதை விடாமல் சொல்லிப் பழகுங்கள்.

இரண்டாவது பள்ளம் இன்ஃப்லேஷன். 'இன்ஃப்லேஷன் ஹாஸ் ஈஸ்டு' என்று படித்துவிட்டு, விலை குறைந்துவிட்டதாகப் பேசுபவர்கள் நிறையப் பேர். விலை இன்னமும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஏறும் வேகம் மட்டும் தணிந்திருக்கிறது என்பதே அதன் பொருள். 'ப்ரைசஸ் ஆர் ஸ்டில் ரைசிங், பட் மோர் ஸ்லோலி' என்று ஒரு வரி சேர்த்தால், விஷயம் தெரிந்த ஆள் என்று எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

தலைப்பு மொழி வேறு, பேச்சு மொழி வேறு

நாளிதழ்த் தலைப்புகளில் வரும் இங்கிலீஷை அப்படியே பேச்சில் இறக்குமதி செய்யாதீர்கள். இடம் போதாததால் பத்திரிகைக்காரர்கள் குட்டிச் சொற்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். விசாரணைக்கு 'ப்ரோப்', ஒப்புதலுக்கு 'நாட்', சர்ச்சைக்கு 'ரௌ', யோசிப்பதற்கு 'மல்', கடுமையான விமர்சனத்துக்கு 'ஸ்லாம்'. டீக்கடையில் நின்று 'கேபினட் மல்ஸ்' என்று யாரும் பேசமாட்டார்கள். 'தி கேபினட் இஸ் கன்சிடரிங் இட்', 'தே ஹாவ் அப்ரூவ்டு இட்', 'தேர் இஸ் அன் இன்வெஸ்டிகேஷன் கோயிங் ஆன்' என்பவைதான் வாயில் வரும் வடிவங்கள்.

தலைப்பின் காலமும் ஏமாற்றும். நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் போடுவார்கள். நாளை நடக்கப்போவதை 'டு' வைத்து முடிப்பார்கள். 'சிஎம் டு ஓபன் ஃப்ளைஓவர்' என்றால் முதல்வர் இனிமேல்தான் மேம்பாலத்தைத் திறக்கப்போகிறார். 'த்ரீ ஹெல்டு' என்றால் மூன்று பேர் கைதாகிவிட்டார்கள்; 'வேர்' என்ற சொல்லை முழுங்கிவிட்டார்கள். நல்ல பயிற்சி வேண்டுமானால் தினமும் ஐந்து தலைப்புகளை எடுத்து, முழு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காலம் சரியாக வந்ததா என்று செய்தியின் முதல் பத்தியே திருத்திக் கொடுத்துவிடும்.

யார் சொன்னது?

செய்தியைப் பேசும்போது நம்மவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். தமிழில் 'நாளைக்கு லீவாம்' என்று சொன்னாலே போதும், இது கேள்விப்பட்டது, நானே பார்த்ததல்ல என்பது கேட்பவருக்கு விளங்கிவிடும். அந்த 'ஆம்'-ஐ இங்கிலீஷில் கொண்டுவர எல்லா வாக்கியத்தின் வாலிலும் 'இட் சீம்ஸ்' ஒட்டுகிறோம். சென்னைக்குள் இது செல்லுபடியாகும். லண்டனிலோ டெக்சாஸிலோ இருப்பவருக்கு, நீங்களே ஊகித்துச் சொல்வதுபோல் கேட்கும். கேள்விப்பட்டதற்கு 'அப்பேரன்ட்லி' அல்லது 'ஐ ஹர்ட் தட்'. படித்ததற்கு 'ஐ ரெட் தட்' அல்லது 'அக்கார்டிங் டு' போட்டு நாளிதழின் பெயர். உறுதியில்லை என்றால் 'இட் ஹாஸ்ன்ட் பீன் கன்ஃபர்ம்டு யெட்'. 'பேப்பர்ல போட்டிருக்கான்' என்பதை 'தே ஹாவ் புட் இன் பேப்பர்' என்று பெயர்க்காமல் 'இட் வாஸ் ரிப்போர்ட்டெட்' என்று சொல்லிவிடுங்கள். 'எ நியூஸ்', 'டிஸ்கஸ் அபௌட்' இரண்டையும் இன்றோடு கைவிடலாம்.

சொன்னவர் எப்படிச் சொன்னார் என்பதிலும் எடை இருக்கிறது. 'செட்' நடுநிலை. 'க்ளெய்ம்டு' என்றால் அவர் சொல்கிறார், நான் பொறுப்பல்ல. 'டினைடு' மறுப்பு, 'அட்மிட்டெட்' என்றால் தனக்குப் பாதகமான ஒன்றை ஒப்புக்கொண்டார். சாதாரணமாகச் சொன்ன தகவலுக்கு 'அட்மிட்டெட்' போட்டால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

வழக்குச் செய்திகளில் இந்தக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். கைதானவர் 'அரெஸ்டெட்', குற்றம் சாட்டப்பட்டவர் 'அக்யூஸ்டு', நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தால்தான் 'கன்விக்டெட்', அதன் பிறகு விதிக்கும் தண்டனைக்கு 'சென்டென்ஸ்டு'. ஜாமீன் கிடைப்பது 'பெயில்', விடுதலையாவது 'அக்விட்டெட்'. ஜாமீனில் வந்தவரை 'ஹி வாஸ் ஃபௌண்டு நாட் கில்ட்டி' என்பதும், கைதானவரை 'ஹி டிட் இட்' என்பதும் அலுவலகத்தில் வாய்த்தவறு என்று கடந்துபோகிற விஷயங்கள் அல்ல. தீர்ப்பு வரும்வரை 'அலெஜிட்லி' என்ற ஒரு சொல்லைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மழை நாளில் கிளையண்ட் கேட்டால்

சென்னையில் ஐடி வேலை பார்ப்பவர் இங்கிலீஷில் அதிகம் விளக்கவேண்டிய உள்ளூர்ச் செய்தி எது என்று கேட்டால், வடகிழக்குப் பருவமழை என்பேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தேர்வு நடக்கும். வானிலை ஆய்வுத் துறையின் இங்கிலீஷ் தோராயமானது அல்ல. ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை பெய்தால் 'ஹெவி', 204.4 வரை 'வெரி ஹெவி', அதற்கு மேல் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. நிற எச்சரிக்கைகளிலும் படி உண்டு: மஞ்சள் என்றால் தகவலைக் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்கு.

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை வெள்ளத்தில் மிதந்தது 3, 4 தேதிகளில். புயல் கரையைக் கடந்ததோ 5-ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆகவே 'இட் மேட் லேண்ட்ஃபால் இன் சென்னை' என்றால் தவறு. 'சென்னை வாஸ் ஃப்ளடெட் பிஃபோர் தி சைக்ளோன் மேட் லேண்ட்ஃபால் நியர் பாபட்லா' என்றால் சரி. கிளையண்டிடம் 'நோ கரன்ட்' என்பதற்குப் பதில் 'தி பவர் இஸ் அவுட்' என்றும், 'வாட்டர் லாகிங்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் 'தி ரோட்ஸ் ஆர் ஃப்ளடெட், சோ ஹாஃப் த டீம் காண்ட் கெட் இன்' என்றும் சொல்லுங்கள். செய்தியோடு வேலைக்கு என்ன பாதிப்பு என்பதும் சேர்ந்தால்தான் அவருக்குப் பயன்.

அரசியல் வந்தால் கருத்துச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. 'ஐ ஹாவ்ன்ட் ஃபாலோடு இட் க்ளோஸ்லி' என்று நகர்ந்துவிடலாம். நேர்முகத் தேர்வில் நழுவ முடியாது. அங்கே 'சப்போர்ட்டர்ஸ் சே', 'கிரிட்டிக்ஸ் ஆர்க்யூ' என்று இரு தரப்பையும் ஒவ்வொரு வரியில் வைத்துவிட்டு, 'ஆன் பேலன்ஸ், ஐ திங்க்' என்று உங்கள் கருத்துக்கு வாருங்கள். கருத்தே இல்லாத விடையைவிடக் காரணத்தோடு வரும் மாறுபட்ட கருத்து மேலானது.

உச்சரிப்புக்குக் கண்ணை நம்பக் கூடாது, காதைத்தான் நம்பவேண்டும். இடிபாடு 'டெப்ரீ', ஆட்சிக் கவிழ்ப்பு 'கூ', ராணுவப் படைப்பிரிவு 'கோர்', குற்றச்சாட்டைப் பதிவு செய்வது 'இன்டைட்'. எழுத்தைப் பார்த்து வாசித்தால் நான்குமே தப்பும். ஆகாசவாணியின் இங்கிலீஷ் செய்தியறிக்கையோ, பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சியோ பஸ் பயணத்துக்குப் போதும்.

கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். இரவு படுக்கும் முன், தொடரும் செய்தியை ஒரு நிமிடம் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். என்ன நடந்தது, யார் சொன்னது, அடுத்து என்ன என்ற மூன்றும் அதில் வரட்டும். எந்தச் செய்தி என்று முடிவெடுக்க முடியவில்லையா? ரிசர்வ் வங்கியின் அடுத்த அறிவிப்புத் தேதியைப் பார்த்துக் காலண்டரில் குறித்துவைத்து, அன்றைக்குத் தொடங்குங்கள்.