ஈஸ்ட்டுக்கு இடும் புதுக் கட்டளை

சேத்தியாத்தோப்புப் பகுதிக் கரும்பு விவசாயிகளுக்கு ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் புதியதன்று. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பனஞ்சாறு கள்ளாய்ப் புளிப்பதும், சர்க்கரை ஆலையில் எஞ்சும் கழிவுப்பாகு வடிசாலையில் சாராயமாவதும் இதன் தொழிலே. தாயுயிரணுவின் பக்கத்தே மொட்டு விட்டுப் பெருகுவது இதன் இயல்பு. உணவும் வெப்பமும் ஒத்திருப்பின், சுமார் 90 நிமிஷங்களில் இது இரட்டிக்கும். இத்தகைய உழைப்பாளியைக் கொண்டு மருந்துக்குரிய புரதத்தையும் செய்வித்துக் கொள்ளலாம்.

புரதங்களைச் செய்யும் முறை உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. என்னும் இழையில் அடங்கியுள்ளது. அவ்விழையின் வேறாய், வளையம்போல் அமைந்து, தானே படியெடுத்துப் பெருகும் சிறு டி.என்.ஏ.வே பிளாஸ்மிட் எனப்படும். ஆய்வுசாலையில் அமைக்கும் பிளாஸ்மிட்டில் நான்கு உறுப்புகள் வேண்டும்.

1. ஜீன்: வேண்டிய புரதத்தைச் செய்யும் கட்டளை இதுவே.

2. மதகு: ஊட்டத்தில் குளுகோஸ் உள்ளவரை இது மூடியிருக்கும், அது தீர்ந்தபின் காலக்டோஸ் இட்டால் திறக்கும். வீராணத்து மதகைப் பருவமறிந்து திறப்பது போல, ஈஸ்ட் நன்கு பெருகியபின் ஜீனை வேலை செய்விக்கலாம்.

3. தேர்வுக் குறி: யுராசில் என்னும் பொருளைத் தானே செய்ய இயலாத ஈஸ்ட்டின் குறையைப் பிளாஸ்மிட் நீக்குகிறது. யுராசில் இல்லாத ஊட்டத்தில் பிளாஸ்மிட் பெற்றவை மட்டுமே பிழைக்கும். ஏனையவை களையெடுத்தாற்போல் ஒழியும்.

4. அடையாள வால்: புரதத்தின் நுனியில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் ஆறு தொடர்ந்து கோக்கப்படும். இதனை நிக்கல் பற்றிக்கொள்ளும். மந்தையில் காதுக்குறியிட்ட மாட்டை இனங்கண்டு பிரிப்பது போல, ஆயிரக்கணக்கான புரதங்களிடையே வேண்டியதை இவ்வாறு பிரித்தெடுக்கலாம்.

இக்கலையால் விளைந்த பெரும்பயன் மஞ்சட்காமாலை வகைகளுள் கொடியதான ஹெப்படைட்டிஸ் பி நோய்க்குரிய தடுப்பு மருந்தாகும். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து நோய்க்கிருமி தாங்கியவர்களின் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஈஸ்ட்டில் விளைந்த மருந்து அங்கு 1986-இல் அனுமதி பெற்றது. இந்தியாவில் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் பிக்கியா என்னும் வேறொரு ஈஸ்ட்டைக் கொண்டு 1997-இல் இதனை வெளியிட்டது. பிக்கியாவில் ஜீனைப் பெரும்பாலும் அதன் சொந்த டி.என்.ஏ. இழையிலேயே பதிப்பர். இப்புரதம் தானே திரண்டு நுண்மணிகளாவதால் அடையாள வாலின்றியே பிரித்தெடுக்க இயலும்.

மருந்தே நோயைத் தந்துவிடுமோ என்று அஞ்சுவது வீண். ஈஸ்ட் செய்வது கிருமியின் மேலுறைப் புரதம் ஒன்றையே. கிருமியின் ஜீன்கள் மருந்தில் இல்லாமையால் நோய் உண்டாக வழியில்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து இந்நோய் தொற்றும் குழந்தைகளுள் நூற்றுக்குச் சுமார் 90 பேருக்கு அது நாட்பட்ட ஈரல் நோயாக நிலைத்துவிடும். ஆதலின் பிறந்த 24 மணி நேரத்துள் முதல் ஊசியும், 6, 10, 14-ஆம் வாரங்களில் ஏனைய ஊசிகளும் போடுதல் வேண்டும். அரசு மருத்துவ நிலையங்களில் இவை இலவசம். பிறப்பைப் பதியும் கிராம அதிகாரிகள் முதல் ஊசி போடப்பட்டதா என்று அப்பொழுதே வினவுதலும், தவறியிருப்பின் தாமதமின்றி மருத்துவ நிலையத்துக்கு அனுப்புதலும் ஊருக்குச் செய்யும் பேருதவியாகும்.