எல்.இ.டி. டார்ச் விளக்கும் அதன் வெப்பமும்

இரவு நேரத்தில் வெளியே சென்று பணியாற்ற வேண்டியவர்கள் நம் நாட்டில் பலர். வனக் காவலர்கள், கிராம சுகாதாரப் பணியாளர்கள், பாசன வாய்க்கால்களைக் கண்காணிப்போர், பள்ளி விடுதிகளின் பொறுப்பாசிரியர்கள் ஆகியோருக்கு டார்ச் விளக்கு ஓர் அலங்காரப் பொருளன்று. அது பாதுகாப்புச் சாதனமாகும். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர், உயிரிழந்தனர் என்று 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. காலடி வைக்கும் இடத்தைப் பார்த்து நடப்பதே இவ்வபாயத்தைக் குறைக்கும் முதல் வழி. நடுவழியில் மங்கிப்போகும் விளக்கை நம்பிச் செல்வது, விளக்கின்றிச் செல்வதற்கு ஒப்பாகும்.

இன்று கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் டார்ச் விளக்குகள் பெரும்பாலும் எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டயோடு பொருத்தப்பட்டவை. இவற்றைப் பற்றிக் கூறப்படும் குறைகளுள் முதன்மையானது, அவை விரைவில் சூடேறுகின்றன என்பது. இச்சூடு எங்கிருந்து வருகிறது, எப்போது அது தீங்கானது, அதனைத் தவிர்ப்பது எவ்வாறு என்பவற்றை இப்பாடத்தில் விளக்குவோம்.

பழைய குமிழும் புதிய டயோடும்

முன்பு வழக்கிலிருந்த டார்ச் குமிழில் டங்ஸ்டன் இழை வெண்சூடாகி ஒளிர்ந்தது. அதற்கு அளித்த மின்சக்தியில் மிகச் சிறு பங்கே கண்ணுக்குத் தெரியும் ஒளியாயிற்று. எஞ்சியதில் பெரும்பகுதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக ஒளிக்கற்றையுடன் சேர்ந்தே வெளியேறியது.

டயோடு வேறு முறையில் இயங்குகிறது. அரைக்கடத்தியின் இரு பகுதிகள் சந்திக்கும் இடத்தில் மின்சாரம் பாயும்போது அங்கேயே ஒளி பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் டயோடை 1962ஆம் ஆண்டில் நிக் ஹோலோன்யாக் அமெரிக்காவில் செய்து காட்டினார். நீல ஒளி தரும் திறமையான டயோடை உருவாக்கியதற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. நீல டயோடின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர்ப் பூச்சு இடப்படுகிறது. இரு நிறங்களும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன.

இத்தகைய டயோடு, தான் பெறும் மின்சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஒளியாக மாற்றுகிறது. மற்ற இரு பங்கும் வெப்பமாகின்றன. ஆனால் இவ்வெப்பம் ஒளியுடன் வெளியே செல்வதில்லை. கடுகளவான அந்தச் சில்லிலேயே தங்குகிறது. அதனை வேறு வழியில் அகற்றியாக வேண்டும். எல்.இ.டி. விளக்கு "குளிர்ந்த ஒளி" தருகிறது என்று சொல்வது ஒளிக்கற்றையைப் பொறுத்தவரை சரியே. விளக்கைப் பொறுத்தவரை சரியன்று.

வெப்பம் செல்லும் வழி

சில்லில் தோன்றும் வெப்பம் முதலில் அதன் அடியிலுள்ள உலோகத் தகட்டுக்கும், அங்கிருந்து விளக்கின் உடலுக்கும், இறுதியில் வெளிக்காற்றுக்கும் செல்கிறது. இவ்வழியில் எங்கேனும் தடையிருந்தால் வெப்பம் சில்லிலேயே தேங்கும். அலுமினியம், பிளாஸ்டிக்கைக் காட்டிலும் சுமார் ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. அசையாக் காற்றோ பிளாஸ்டிக்கைவிடவும் மோசமான கடத்தி. ஆகையால் தகட்டுக்கும் உடலுக்கும் இடையே தாளளவு காற்று இடைவெளி இருந்தாலும் வெப்பம் தடைப்படும்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. மிதமாக எரியும் விளக்கின் தலைப்பகுதி கையில் வெதுவெதுப்பாகத் தெரிந்தால், அது குறையன்று. வெப்பம் வெளியேறுகிறது என்பதற்கு அறிகுறி. மாறாக, மிகப் பிரகாசமாக எரியும் விளக்கின் உடல் குளிர்ந்திருக்க, ஒளி மட்டும் சில நிமிடங்களில் மங்கினாலோ, நீலச் சாயல் கொண்டாலோ, உள்ளே டயோடு வாடுகிறது என்று கொள்ளவேண்டும். தொட்டால் சுடாத விளக்கே நல்ல விளக்கு என்னும் எண்ணம் தவறானது.

ஒரு கணக்கு

கையடக்கமான ஓர் அலுமினிய விளக்கின் புறப்பரப்பு சுமார் 100 சதுர சென்டிமீட்டர் எனக் கொள்வோம். காற்று வீசாத இடத்தில் இத்தகைய உடல், ஒவ்வொரு வாட் வெப்பத்துக்கும் சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 10 டிகிரி அதிகச் சூடடையும். விளக்கு 3 வாட் மின்சக்தியை எடுத்துக்கொண்டால் வெப்பம் 2 வாட். எனவே 30 டிகிரி சென்டிகிரேடு உள்ள இரவில் உடலின் உஷ்ணநிலை 50 டிகிரியில் நிலைபெறும். இது பொறுக்கத்தக்கதே.

அதே விளக்கு 10 வாட் எடுத்துக்கொண்டால் வெப்பம் ஏறத்தாழ 7 வாட். அப்போது உடல் 100 டிகிரியை நோக்கி ஏறும். உடலின் எடை 100 கிராம் எனில், தொடக்கத்தில் நிமிடத்துக்கு 4 முதல் 5 டிகிரி வரை சூடு உயரும். 60 டிகிரியை எட்டிய உலோகத்தைச் சில நொடிகளுக்குமேல் பற்றியிருந்தால் தோல் புண்படும். ஆகவே சிறிய விளக்கில் "அதிகபட்சப் பிரகாசம்" என்பது ஒரு சில நிமிடப் பயனுக்கே உரியது.

சுற்றுப்புறத்தின் சூடும் இதனுடன் கூடுகிறது. ராஜஸ்தானிலுள்ள பலோடியில் 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் 51 டிகிரி பதிவாயிற்று. அத்தகைய இடத்தில் 20 டிகிரி ஏற்றமே உடலை 70 டிகிரிக்கு மேல் கொண்டு சென்றுவிடும்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

முதலாவது, வேண்டிய அளவு ஒளி. படிப்பதற்கும் எழுதுவதற்கும் 10 முதல் 20 லூமென் போதும். பாதையில் நடப்பதற்கு 50 முதல் 100 லூமென் போதுமானது. தொலைவில் தேடுவதற்கே 300 லூமெனுக்கு மேல் தேவைப்படும். குறைந்தது இரண்டு அல்லது மூன்று ஒளி நிலைகள் உள்ள விளக்கே நலம். குறைந்த நிலையில் மின்கலமும் நீடிக்கும், சூடும் தோன்றாது.

இரண்டாவது, விளம்பரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல். சாதாரண நல்ல விளக்கில் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் கிடைக்கும். "ஒரு லட்சம் லூமென்" என்று எழுதப்பட்ட விளக்குக்கு இக்கணக்கின்படி 1,000 வாட் வேண்டும். மலிவான சிறு கைவிளக்கில் இது இயலாது. அவ்வாறே, 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடைய 18650 என்னும் லித்தியம் அயனி மின்கலத்தின் கொள்ளளவு, சிறந்த தயாரிப்பிலும், 3,500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டியே இருக்கும். அதன்மேல் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். உண்மையான 3,000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் 3.6 வோல்ட்டில் சுமார் 11 வாட்-மணி தரும். இதனைக்கொண்டு 100 லூமெனை ஏறத்தாழ 10 மணி நேரமும், 1,000 லூமெனை ஏறத்தாழ ஒரு மணி நேரமும் பெறலாம். "1,000 லூமென், 10 மணி நேரம்" இரண்டும் ஒருங்கே கிடையா.

மூன்றாவது, எரியும் நேரத்தின் பொருள். அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எஃப்.எல். 1 என்னும் தர விதிப்படி, தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள காலமே எரியும் நேரமாகும். அட்டையில் கண்ட மணிக்கணக்கு முழுப் பிரகாசத்துக்குரியதன்று என்பதை நினைவிற் கொள்க.

நான்காவது, உடலின் அமைப்பு. தலைப்பகுதி அலுமினியத்தால் ஆகி, புறத்தே வரிப்பள்ளங்கள் உடையதாயிருப்பது நன்று. பிளாஸ்டிக் உடல், ஒரு வாட்டுக்குட்பட்ட சிறு விளக்குகளுக்கு ஏற்கும். மழையில் பணிபுரிவோர் ஐ.பி.எக்ஸ் 4 குறியீட்டை, அதாவது நீர்த்தெறிப்பைத் தாங்கும் திறனை, எதிர்பார்க்கலாம். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்குவது ஐ.பி.எக்ஸ் 7 ஆகும்.

ஐந்தாவது, மின்கலம். லித்தியம் மின்கலத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 குறியும் பதிவெண்ணும் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். கடை எட்டாத ஊர்களில் பணிபுரிவோருக்குச் சாதாரண "டபுள் ஏ" மின்கலம் இரண்டு கொண்ட விளக்கே பல சமயங்களில் ஏற்றது. அம்மின்கலம் எங்கும் கிடைக்கும். நிக்கல் வகை மறுமின்னேற்ற மின்கலங்களையும் அதிற் பயன்படுத்தலாம்.

மிகுந்த சூடு: காரணமும் பரிகாரமும்

சூடு எவ்விடத்தில் தோன்றுகிறது என்பதை முதலில் அறியவேண்டும்.

தலைப்பகுதி மட்டும் சுட்டால், விளக்கு உயர்ந்த நிலையில் நெடுநேரம் எரிந்திருக்கும். நிலையைக் குறைத்தால் போதும். கையில் பிடித்து நடக்கும்போது கையும் காற்றும் வெப்பத்தை எடுத்துச் செல்கின்றன. ஆனால் மேசைமேல் நிறுத்தி வைத்தால் அவ்வுதவி இல்லை. சில விளக்குகளில் சூடு மிகும்போது மின்னோட்டத்தைத் தானே குறைக்கும் சுற்று உண்டு. திடீரென ஒளி ஒருபடி குறைவது இதன் செயலே, பழுதன்று.

ஒளி விரைவில் மங்கியும் தலைப்பகுதி குளிர்ந்தும் இருந்தால், டயோடுத் தகடு உடலோடு சரியாகப் பொருந்தவில்லை. மின்கலத்தை அகற்றியபின், திருகித் திறக்கக்கூடிய விளக்காயின், தகட்டின் அடியில் கணிப்பொறிகளுக்குப் பயன்படும் வெப்பக்கடத்துப் பசையை மெல்லியதாகத் தடவி இறுக்கித் திருகலாம். பசையைத் தடிப்பாக இடுவது பயன் தராது.

வால்மூடி அல்லது பொத்தான் பகுதி சுட்டால், அங்குள்ள சுருள்வில்லிலோ தொடுமுனையிலோ அழுக்கும் துருவும் சேர்ந்து மின்தடை மிகுந்துள்ளது. உலர்ந்த துணியாலோ ஸ்பிரிட் நனைத்த பஞ்சாலோ துடைத்து, மூடியை இறுக்கவேண்டும்.

எரியும்போது மின்கலம் விளக்கின் தலையைவிடச் சூடாக இருந்தால், அம்மின்கலம் பழுதுற்றது. அதனை மறுபடியும் பயன்படுத்தலாகாது.

பையினுள் விளக்கு தானாக எரிந்து துணியைக் கருக்குவதும் உண்டு. பயணத்தின்போது வால்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைப்பது, பல அலுமினிய விளக்குகளில் மின்சுற்றைத் துண்டித்து இதனைத் தடுக்கும். எவ்வாறாயினும், சுடும் விளக்கை நீரில் அமிழ்த்தலாகாது. அணைத்து நிழலில் ஆறவிடுவதே முறை.

லித்தியம் மின்கலம் பற்றிய எச்சரிக்கை

லித்தியம் மின்கலத்தைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரி வரையிலேயே மின்னேற்றவேண்டும். கோடையில் வெப்பமிகு மாவட்டங்களில் பின்னிரவும் விடியற்காலையும் இதற்கேற்ற நேரங்கள். லடாக் போன்ற குளிர்ப் பகுதிகளில் உறைநிலைக்குக் கீழ் மின்னேற்றினால் மின்கலம் உள்ளேயே கெடும். அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்த பின்னரே ஏற்றவேண்டும். விளக்கை எரித்து முடித்தவுடன் மின்னேற்றாமல் ஆறவிடுக. படுக்கையின்மேலும், ஆளில்லா அறையிலும் மின்னேற்றலாகாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விளக்கை விட்டுச் செல்வதும் கூடாது.

உப்பியதும், உறை கிழிந்ததும், மணம் வீசுவதுமான மின்கலத்தைத் திறந்தவெளியில், எரியும் பொருள்களுக்கு அப்பால் மணல்மேல் வைக்கவேண்டும். தீப்பற்றினால் விலகி நின்று மிகுதியான நீர் ஊற்றிக் குளிர்விக்கவேண்டும். பயனற்ற மின்கலங்களைக் குப்பையில் எறிவது, 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளுக்கு மாறானது. அவற்றைச் சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும்.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் செலவின்றிச் செய்துகாட்டக்கூடிய சோதனை ஒன்றுண்டு. ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு துளி எண்ணெய் இடுக. இருட்டறையில் தாளை நிமிர்த்தி நிறுத்தி, ஒரு பக்கம் மாறாத ஒளியுடைய மின்விளக்கையும், மறுபக்கம் டார்ச் விளக்கையும் வைக்க. இரு பக்கத்து ஒளியும் சமமாகும்போது எண்ணெய்ப் புள்ளி மறையும். ஜெர்மானிய விஞ்ஞானி பன்சன் கையாண்ட முறை இது. டார்ச்சின் தலையில் வெப்பமானியின் குமிழை ஒட்டிவைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உஷ்ணநிலையையும், புள்ளி மறைய டார்ச்சை வைக்கவேண்டிய தூரத்தையும் குறித்துக்கொள்க.

தொடக்கத்தில் தூரம் 100 சென்டிமீட்டராகவும், 20 நிமிடம் கழித்து 80 சென்டிமீட்டராகவும் இருந்தால், ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப அமைவதால், அது முன்னையதில் 64 சதவிகிதமாகக் குறைந்துள்ளது. பின்னர் விளக்கை அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டு மீண்டும் அளக்கவேண்டும். ஒளி பழைய அளவை எட்டினால் இழப்புக்குக் காரணம் சூடு. எட்டாவிடில் காரணம் மின்கலத்தின் தளர்ச்சி. புதிதாக வாங்கும் விளக்கைக் களத்துக்கு எடுத்துச் செல்லுமுன் இச்சோதனையை ஒருமுறை செய்து பார்ப்பது எல்லாப் பணியாளர்களுக்கும் நன்மை பயக்கும்.

சுருங்கக் கூறின், மிதமான ஒளி, உலோக உடல், நம்பத்தக்க மின்கலம் ஆகிய மூன்றும் அமைந்த மலிவான விளக்கு, பெரிய எண்கள் அச்சிட்ட விளக்கைவிட மேலானது. இரவுப் பணிக்குச் செல்வோர், எவ்வளவு நல்ல விளக்கை உடையவராயினும், இரண்டாவதாக ஒரு சிறு விளக்கையும் பையில் வைத்திருத்தல் வேண்டும்.