அடுப்புப் புகையும் அனல்மின் சாம்பலும்

கேள்வி: நிலக்கரியும் பெட்ரோலியமும்தான் மனித வாழ்வை உயர்த்தின. அவற்றைக் கைவிடச் சொல்வது ஏழைகளுக்குச் செய்யும் அநீதி இல்லையா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. விறகு, வறட்டி, மண்ணெண்ணெய் போன்றவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் சூழும் புகைக்கு 2020-ல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் பலியானதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தப் புகையிலிருந்து நம் வீட்டுப் பெண்களை மீட்டது சமையல் கேஸ். அதுவும் புதைபடிவ எரிபொருள்தான். சிலிண்டர் வாங்க வழியில்லாமல் சுள்ளி பொறுக்குகிறவரிடம் போய்ப் புவி வெப்பமாதல் பற்றிப் பாடம் நடத்துவதை நான் அறமென்று ஏற்கமாட்டேன்.

ஆனால் பயன் ஒருவருக்கும் பாதிப்பு வேறொருவருக்கும் போகும்போது, 'மனித நலன்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. எண்ணூரைப் பாருங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்து, இறாலையும் நண்டையும் நம்பியிருந்த மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. அந்த மின்சாரத்தில் ஏ.சி. ஓடியதோ பெரும்பாலும் வேறு வீடுகளில். உலகக் கணக்கும் இப்படித்தான்: ஓர் அமெரிக்கரின் பங்காக ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 14 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது; இந்தியரின் பங்கு சுமார் 2 டன்.

மாற்று வழியும் இருக்கிறது: இந்தியாவில் இன்று புதிதாக அமைக்கும் நிலையங்களின் சூரிய மின்சாரம், புதிய நிலக்கரி மின்சாரத்தைவிட மலிவு. இரவுத் தேவைக்குச் சேமிக்கும் செலவு இன்னும் இருக்கிறது, உண்மைதான். அந்தச் செலவை வசதியுள்ள நாடுகளும் வசதியுள்ள வீடுகளும் முதலில் ஏற்கட்டும். ஏழையின் சிலிண்டரில் கை வைப்பது கடைசியாக இருக்கட்டும்.