நிறம் கடைசி: ஸ்டீல்ஹெட் பிடிக்க வரும் பிள்ளைகளுக்கு

இலை நிறம் மாறத் தொடங்கினால் எனக்கு வாட்ஸப்பில் ஒரே மாதிரிப் படங்கள் வரும். மீன்பிடிச் சாமான் கடையின் சுவர்; அதில் மேலிருந்து கீழ்வரை தொங்கும் தகடுகள், மணிகள், ரப்பர்ப் புழுக்கள். கீழே கேள்வி: "அங்கிள், ஸ்டீல்ஹெட்டுக்கு இதில எது?" ஸ்காபரோவிலிருந்தும் ஏஜாக்ஸிலிருந்தும் கேட்கிற பிள்ளைகளுக்குத் தனித்தனியே பதில் எழுதி அலுத்துவிட்டது. ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். சுருக்கமான பதில்தான் வேண்டுமென்றால்: இரை எந்த ஆழத்தில் போகிறது என்பது முதல், எந்த வேகத்தில் போகிறது என்பது இரண்டாவது, எவ்வளவு பெரிது என்பது மூன்றாவது. நிறம் கடைசி. கடைக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்வார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது.

1. முதலில் மீன் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள். ரெயின்போ ட்ரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். ஆற்றோடு தங்கிவிட்டால் ரெயின்போ. கடலுக்கோ பேரேரிக்கோ இறங்கிப் பெருத்து, முட்டையிட ஆறு ஏறி வந்தால் ஸ்டீல்ஹெட். அதன் சொந்த ஊர் பசிபிக் கரை. பேரேரிகளுக்கு 1870களில் மனிதர்கள் கொண்டுவந்து விட்டார்கள். இன்று ஒன்ராறியோ ஏரியில் விழும் கனரஸ்கா, வில்மட் கிறீக் போன்ற ஆறுகளில் அது தானாகவே பெருகுகிறது. ஆறு ஏறும் மீன் சாப்பாடு தேடி அதிகம் அலையாது. மூக்குக்கு முன்னால் வருவதைப் பழக்கத்தில் கவ்வும், சில நேரம் எரிச்சலில் கவ்வும். இரண்டு அடி தள்ளிப் போவதை அநேகமாக விட்டுவிடும். கீழே நான் சொல்வதில் பாதி இந்த ஒரு குணத்திலிருந்து வருவது.

2. இணையக் காணொளி பார்க்கும்போது அது எந்த ஆறு என்று பாருங்கள். ஓரிகன், வாஷிங்டன் ஆட்கள் துடுப்புப் படகில் இறங்கி, உடம்பை ஆட்டி நீந்தும் பிளக்கை ஓட்டத்துக்குள் பிடித்து நிறுத்தி, அங்குலம் அங்குலமாகக் கீழே விடுவார்கள். ஸ்கஜிட் போன்ற அகன்ற ஆற்றுக்கு அருமையான முறை. வில்மட் கிறீக்கிலோ எதிர்க்கரைக்காரரிடம் குரலை உயர்த்தாமலே கதைக்கலாம். அங்கே நிற்கிறவர் ஒரு டசின் குவிக்ஃபிஷ் பிளக் வாங்கி வைத்து என்ன செய்வது? இரண்டு கையாலும் வீசும் நீண்ட ஃபிளை ரொட்டும் அப்படித்தான். அழகான கலை, ஆனால் பெரிய ஆறும் நிறையப் பொறுமையும் கேட்கும்.

3. முதல் வருடத்துக்கு இவ்வளவு போதும். பத்தடிக்குக் குறையாத, நுனி மெதுவான ரொட். நடுத்தர ஸ்பின்னிங் ரீல். அதில் 8 அல்லது 10 இறாத்தல் தங்கூசி. முனைக்குக் கட்ட 6 முதல் 8 இறாத்தல் ஃபுளோரோகார்பன். ஸ்பின்னரில் 3ஆம், 4ஆம் இலக்கங்கள், வெள்ளியில் ஒன்று, செம்பில் ஒன்று. புளூ ஃபொக்ஸோ மெப்ஸோ எதுவானாலும் சரி. லிட்டில் கிளியோ ஸ்பூன் இரண்டு. 8 மில்லிமீற்றர் மணி ஒரு பக்கற். சினைப்பொட்டலம் கட்டும் வலைத்துணி, மிதப்பு நாலைந்து, ஈயக்குண்டு. எல்லாம் சட்டைப் பைகளில் அடங்கும். சென்டர்பின் ரீலைக் கேட்காதீர்கள். ஒன்ராறியோ ஆற்றங்கரையில் அது கௌரவச் சின்னம். வடிவாக ஓடும் என்பதும் உண்மை. ஆனால் சிக்கல் விழாமல் வீசப் பழகவே ஒரு பருவம் போய்விடும்.

4. வீட்டை விட்டு இறங்குமுன் ஆற்றின் மட்டத்தைப் பாருங்கள். கனடா அரசின் நீரளவை நிலையங்கள் அதை உடனுக்குடன் இணையத்தில் போடுகின்றன. மழைக்குப் பிறகு அந்த வரைபடத்தின் கோடு ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும். அந்த இறக்கம்தான் உங்கள் நேரம். ஏறும் தண்ணீர் ஏரியிலிருந்து மீனை உள்ளே அழைக்கும்; இறங்கித் தெளியும் தண்ணீரில் அது இரையைப் பார்க்கும். ஆறு பால்தேநீர் நிறத்தில் ஓடினால் வீட்டிலேயே தேநீர் குடிக்கலாம். முழங்காலளவு தண்ணீரில் நின்று குனிந்தால் சப்பாத்து மங்கலாகத் தெரிகிற இளம்பச்சை நிறம் வந்தால் வேலைக்கு லீவு போடலாம், நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

அளவையும் நிறத்தையும் இந்தத் தண்ணீர்தான் தீர்மானிக்கும். கலங்கலுக்குப் பெரியது, பளிச்சென்ற பச்சை மஞ்சளும் கடும் இளஞ்சிவப்பும், கரையோரமாக. கண்ணாடித் தெளிவுக்குச் சின்னது, மங்கலானது, மெல்லிய தங்கூசி. இதற்கு மேல் நிறத்தைப் பற்றி யோசிக்கிற நேரத்தை அடுத்த விதிக்குக் கொடுங்கள்.

5. மீன் நிற்கும் இடத்தை வாசியுங்கள். மனிதர் நடக்கிற வேகத்தில் ஓடும், மூன்று முதல் ஆறடி ஆழமான தண்ணீர்தான் முதல் தேர்வு. வேக ஓட்டமும் மந்த ஓட்டமும் உரசுகிற கோடு மேற்பரப்பிலேயே தெரியும், நுரை அந்தக் கோட்டில்தான் வரிசையாகப் போகும். அதற்குக் கீழே இரையை விடுங்கள். பெரிய கல்லின் பின்புறம், மரம் விழுந்து கிடக்கும் கரை, குழி முடிந்து நீர் மேடேறும் வால்பகுதி, இவையும் இடங்கள். விடியற்காலையில் வால்பகுதியில் முதலில் போடுங்கள். வெளிச்சம் ஏறி ஆட்கள் இறங்கி நடந்த பிறகு அங்கே நின்ற மீன் ஆழத்துக்குப் போய்விடும்.

6. மிதப்புத் தூண்டிலை முதலில் பழகுங்கள். எங்கள் ஆறுகளுக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் முடிந்த முடிவு. மறுக்கிறவர்களோடு வாதாட எனக்கு விருப்பமும் இல்லை.

மிதப்பில் எத்தனை கிராம் தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். 8 கிராம் என்றால், நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிற அளவுக்கு ஈயம் சேர்க்க வேண்டும். ஈயத்தை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். பெரிய குண்டுகள் மிதப்புக்குக் கிட்ட. கீழே வர வர சின்னக் குண்டுகள், இடைவெளி விட்டு. கடைசிக் குண்டுக்குக் கீழே ஒன்றரை அடி வெறும் ஃபுளோரோகார்பன், அதன் முனையில் முள். அப்போதுதான் இரை முன்னால் மிதந்து, ஈயம் பின்னால் வரும்.

ஆழம் பார்க்க நாலடியில் வைத்து ஒருமுறை ஓட விடுங்கள். தடையில்லாமல் போனால் அரை அடி கூட்டுங்கள். மறுபடியும் விடுங்கள். ஈயம் அடிக்கல்லில் தட்டி மிதப்பு நடுங்கும் வரை கூட்டிக்கொண்டே போய், பிறகு அரை அடி குறையுங்கள். ஒவ்வொரு குழிக்கும் இது புதிதாகச் செய்ய வேண்டிய வேலை. பக்கத்தில் நிற்கிறவர் மீன் மேல் மீன் இழுக்க, அதே சினையைப் போட்ட உங்களுக்கு ஒன்றும் படவில்லையா? அவரிடம் நிறத்தைக் கேட்காதீர்கள். "எத்தனை அடியில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

இனி வேகம். அடிநீர் கல்லோடு உரசி மந்தமாக ஓடும், மேல்நீர் விரையும். மிதப்பைத் தன்பாட்டுக்கு விட்டால் மேல்நீரின் வேகத்தில் இரையை இழுத்துக்கொண்டு பறக்கும். நூலை விரலால் இலேசாகத் தடுத்து, மிதப்பு பக்கத்திலுள்ள நீர்க்குமிழிகளைவிடக் கொஞ்சம் பின்தங்கும்படி விடுங்கள். மிதப்பின் முனை மேலோட்டப் பக்கம், அதாவது உங்கள் பக்கம், கொஞ்சம் சாய்ந்தால் சரி. கீழோட்டப் பக்கம் சாய்ந்தால் ஈயம் அடியில் இழுபடுகிறது என்று அர்த்தம். நூலைத் தண்ணீரில் படுக்க விடாதீர்கள். நீண்ட ரொட் கேட்டதே அதைத் தூக்கிப் பிடிக்கத்தான். மிதப்பு அமிழ்ந்தாலும், நின்றாலும், காரணமில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தாலும் சுண்டுங்கள். பத்தில் ஒன்பது தடவை கல்லாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

7. சினைப்பொட்டலத்தைச் சின்னதாகக் கட்டுங்கள். தெளிந்த தண்ணீருக்குப் பத்துச் சதக் காசளவு, பச்சைத் தண்ணீருக்கு ஐந்து சதக் காசளவு, கலங்கலுக்கு இருபத்தைந்து சதக் காசளவு. (எங்கள் பத்துச் சதம் ஐந்து சதத்தைவிடச் சின்னது என்பதைப் புதிதாக வந்தவர்கள் கவனிக்க.) இழுத்துக் கட்டினால் முட்டை உடைந்து பால் வெளியே போய்விடும், தளர விட்டால் வீசும்போதே சிந்தும். தண்ணீரில் கிடந்து வெளிறிய பொட்டலத்தை மாற்றுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

8. செப்டெம்பர், ஒக்டோபரில் முட்டை போலிருக்கும் மணியைப் போடுங்கள். அப்போது சினூக் சாமன் ஆறு ஏறி முட்டையிட்டுச் சாகும். ஓட்டத்தில் உருண்டு வரும் முட்டைக்காக ஸ்டீல்ஹெட் அவற்றின் பின்னால் வந்து நிற்கும். சாப்பாடு தேடாது என்று முதலில் சொன்னேன் அல்லவா, இது அதற்கு விலக்கு. மணியை முள்ளில் கோர்க்கக் கூடாது. முள்ளுக்கு ஒன்றரை இரண்டு அங்குலம் மேலே, துவாரத்தில் பல்குத்தி முனையைச் செருகி உடைத்து நிறுத்த வேண்டும். மீன் மணியை உறிஞ்சித் துப்பும்போது முள் வாயோரத்தில் ஏறும், தொண்டைக்குள் போகாது. நிறம் கொஞ்சம் கணக்கில் வருகிற இடமும் இதுதான். புது முட்டை செம்மஞ்சளாகப் பளபளக்கும். நாலைந்து நாள் தண்ணீரில் கிடந்தது வெளிறிப் பால் படர்ந்திருக்கும். சாமன் வரத்து முடியும் தறுவாயில் வெளிறிய மணியே நல்லது.

9. ஸ்பின்னரை வேகமாகச் சுற்றாதீர்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே வீசி, கீழே இறங்க விட்டு, தகடு சுழல்கிற அதிர்வு கையில் தெரியும் அளவுக்கு மட்டும் சுற்றுங்கள். அதிர்வு நின்றால் மிக மெது. மேற்பரப்புக்கு ஏறி வந்தால் மிக வேகம். மிச்சத்தை ஓட்டமே பார்த்துக்கொள்ளும், வளைந்து உங்கள் கரைக்கு வந்து சேரும் அந்தக் கடைசி நொடியில்தான் பல மீன்கள் பாயும். ஸ்பூனை ஆற்று வாய்க்கும் இறங்குதுறைக்கும் வையுங்கள். போர்ட் ஹோப்பிலோ போர்ட் கிரெடிட்டிலோ ஏரியை நோக்கி வீச அதைவிடத் தூரம் போவது இல்லை. முட்டையிட்டு ஏரிக்குத் திரும்பும் வசந்தகால மீனுக்கு இவை இரண்டும் பிடிக்கும். பசிபிக் சாமனைப் போல ஸ்டீல்ஹெட் ஒருமுறை முட்டையிட்டதோடு சாவதில்லை. மெலிந்து, பசியோடு இறங்கும். அதை விட்டுவிடுங்கள், அடுத்த வருடமும் வரும்.

10. தண்ணீர் 4 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் மீன் மந்தமாகி ஆழமான மெது நீருக்கு ஒதுங்கும். இரையையும் மந்தமாக்குங்கள். ஒரே பாதையில் திரும்பத் திரும்ப விடுங்கள். ரொட் வளையங்களில் பனிக்கட்டி பிடிக்கும், அடிக்கடி தட்டிவிட வேண்டும். இடுப்புப் பட்டி இல்லாமல் வேடர் (தண்ணீர் புகாத நீண்ட காற்சட்டை) போட்டு இறங்குகிறவரோடு நான் ஆற்றுக்குப் போவதில்லை.

11. முள் பட்டதும் ரீலைப் பூட்டாதீர்கள். பாய விடுங்கள், நின்றதும் சுற்றுங்கள், ரொட்டைப் பக்கவாட்டில் சாய்த்து ஓட்டத்திலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். உடம்பில் முள் கொளுவிய மீனைச் சட்டப்படி உடனே விட வேண்டும். வேண்டுமென்றே கொளுவி இழுப்பது குற்றம்.

12. வசந்தத்தில் ஆழமில்லாத சரளைக்கல் படுகையில் வெளிறித் துப்புரவாகத் தெரியும் வட்டங்கள் முட்டைக் கூடுகள். அவற்றின் மேல் நிற்கும் சோடி மீனுக்குத் தூண்டில் போடாதீர்கள், கூட்டின் மேல் நடக்கவும் வேண்டாம். மீன் பார்க்கத்தான் ஆசை என்றால் போர்ட் ஹோப்பில் கோர்பெட் அணைக்குப் போங்கள். மீன் ஏணிப் பக்கம் அவை பாய்வதைச் சின்னப் பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

13. ஏப்ரல் நான்காம் சனிக்கிழமை தென் ஒன்ராறியோவின் பல ஆறுகளில் பருவம் திறக்கும். அன்றைக்குத் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். முதலில் நிற்பவரிடம் கேட்டுவிட்டு நில்லுங்கள். ஒருவருக்கு மீன் பட்டதும் பக்கத்து ஆட்கள் தூண்டிலை எடுத்துவிடுவது வழக்கம். கோப்பிக் கோப்பையையும் அறுந்த தங்கூசியையும் திரும்பக் கொண்டுபோங்கள். ஒரு தமிழ்ப் பிள்ளை போட்டுவிட்டுப் போன குப்பைக்கு அடுத்த வாரம் வருகிற எல்லாத் தமிழரும் முறைப்பு வாங்குகிறோம்.

14. லைசென்ஸ் இல்லாமல் போகாதீர்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் 65ஐத் தொட்டவர்களுக்கும் அது தேவையில்லை, அடையாள அட்டை போதும். மற்றவர்களில் அநேகமாக எல்லோருக்கும் வேண்டும். எந்த வலயம், பாலத்துக்கு எந்தப் பக்கம் எந்தத் தேதிவரை திறப்பு, எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்பதை மாகாண விதி நூலில் அந்தந்த வருடம் பாருங்கள். மீனையும் அடையாளம் காணப் பழகுங்கள். ரெயின்போவின் வால் முழுக்கக் கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும், வாயுள் வெள்ளை. சினூக்கின் முரசு கறுப்பு. அட்லாண்டிக் சாமனின் வாலில் புள்ளி அநேகமாக இருக்காது, சந்தேகமென்றால் விட்டுவிடுங்கள்.

15. சமைக்கிறதென்றால் ஒன்ராறியோ அரசின் மீன் உண்ணும் வழிகாட்டியை முதலில் பாருங்கள். ஏரி, மீன் இனம், மீனின் நீளம் மூன்றையும் வைத்து மாதத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம் என்று அதில் போட்டிருக்கும். தாயாகக்கூடிய வயதுப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் கணக்கு வேறு. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் அகற்றினால் பிசிபி என்ற நச்சு இரசாயனம் குறையும். பாதரசம் தசையிலேயே இருப்பதால் அது குறையாது. ஆகவே மீனின் நீளத்தை ஆற்றங்கரையிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். குழம்பா பொரியலா என்று அம்மாவோடு பிறகு பேசலாம்.